உவமையா, உருவகமா? சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கவிதை படிக்கும்போது பலரும் தடுமாறுவது உவமைக்கும் உருவகத்துக்கும் நடுவில்தான். சொல் வரிசையைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், உவமை. 'முகமலர்' என்றால் முகமே மலர், உருவகம். ஒப்பிடக் கொண்டுவந்த பொருள் முன்னால் நின்றால் உவமை, பின்னால் போனால் உருவகம். கயல்விழி, விழிக்கயல் என்று நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

போல, அன்ன, ஒப்ப போன்ற உருபு வெளிப்படையாக வந்தால் வேலை இன்னும் எளிது. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்ற குறளில் அது கண்ணெதிரே இருக்கிறது. "அகர முதல எழுத்தெல்லாம்" குறளில் உருபு இல்லை. உவமை ஒரு தொடர், பொருள் ஒரு தொடர் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இது எடுத்துக்காட்டு உவமை.

ஆனால் 'போல' வந்ததும் உவமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோவடிகளோ அவை "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார். வராதீர்கள் என்று கொடி கைகாட்டுகிறதாம்! எத்தனை முறை படித்தாலும் மனம் பதறும் இடம் இது. இங்கே இரண்டு பொருள்கள் ஒப்பிடப்படவில்லை. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். அதனால் தற்குறிப்பேற்றம். சந்தேகம் வந்தால், 'இது தானாகவே நடப்பதுதானே? காரணம் மட்டும் கவிஞர் சொன்னதா?' என்று கேட்டுப் பாருங்கள்.