லிஸ்பனில் இருவர்: இரண்டரை நாளைத் திட்டமிடும் முறை

போர்த்துகலின் தலைநகரான லிஸ்பன் குன்றுகளின் மீது ஏறி இறங்கும் நகரம் என்பதால், வரைபடத்தில் பத்து நிமிட நடையாகத் தெரியும் தூரம் கால்களுக்கு அரை மணி நேர உழைப்பாக மாறிவிடும். இரண்டரை நாளுக்குச் செல்லும் தம்பதியர் இதை மனத்தில் கொண்டு, ஓர் அரை நாளுக்கு ஒரு பகுதி என்று வரையறுத்துக்கொண்டு, அந்தப் பகுதியிலேயே ஒரு வேளை உணவையும் நிதானமாக அமர்ந்து உண்ணும்படி திட்டமிடுவது நல்லது. சிந்த்ராவின் அரண்மனைகள் அழகானவைதாம்; ஆனால் ரயிலில் 40 நிமிடத் தொலைவில் உள்ள அந்த ஊர் ஒரு முழு நாளைக் கேட்கும் என்பதால், இப்பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. திங்கட்கிழமையில் ஜெரோனிமோஸ் மடாலயமும், ஞாயிற்றுக்கிழமையில் கார்மோ மடத்தின் இடிபாடுகளும் மூடியிருக்கும். சிறிய உணவகங்கள் பலவற்றுக்கும் ஞாயிறு விடுமுறை. ஆகவே புதன் முதல் வெள்ளி வரை அமைந்தால் மிகவும் வசதி. தங்குவதற்கு, சமதளமும் மெட்ரோவும் உள்ள பைஷா பகுதியையோ அதற்கு மேலுள்ள ஷியாதுவையோ தேர்ந்தெடுங்கள். குன்றின் மீதுள்ள பழைய பகுதியான அல்ஃபாமாவின் சந்துகளில் அறை எடுப்பது கேட்க இனிமையாக இருந்தாலும், பெட்டிகளைப் படிக்கட்டுகளில் சுமக்க நேரும். விடுதிக் கட்டணத்தோடு, ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரியும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரங்கள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து சிவப்பு வழித்தட மெட்ரோவில் ஏறி, அலமேதா நிலையத்தில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் நகர மையத்தை அடையலாம். நவெகாந்த் பயண அட்டையை ஆளுக்கு ஒன்றாக வாங்க வேண்டும்; ஒரே அட்டையில் இருவர் பயணம் செய்ய இயலாது. அதில் 24 மணி நேரச் சீட்டு ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, பேருந்து, டிராம் அனைத்திலும் ஏறி இறங்கலாம்.

வந்திறங்கிய நாளின் மாலையை அல்ஃபாமாவுக்கு ஒதுக்குங்கள். 1755 நவம்பர் 1 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் தீயும் நகரின் தாழ்வான பகுதியை அழித்துவிட, அமைச்சர் பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில் பைஷா நேர்கோட்டுத் தெருக்களாகப் புதிதாக எழுந்தது. குன்றின் மீதிருந்த அல்ஃபாமாவோ பெரும்பாலும் தப்பி, பழைய வளைந்த சந்துகளோடு இன்றும் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் இந்த நகரத்தின் வரலாறு கண்ணுக்குப் புலப்படும். புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் நெரிசலும் பிக்பாக்கெட் தொல்லையும் மிகுதி; மார்த்தீம் மொனீஷில் காலை எட்டு மணிக்குள் ஏற முடிந்தாலன்றி அதைத் தவிர்த்து, அல்ஃபாமாவைச் சுற்றிவரும் 12ஆம் எண் டிராமில் ஏறி, போர்த்தாஸ் தோ சோல் என்னும் காட்சி மேடையருகே இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து தேஜு ஆற்றைப் பார்த்துவிட்டு, சற்று மேலே சென்று செஞோரா தோ மோந்த்தே குன்றில் சூரிய அஸ்தமனத்தைக் காணுங்கள். நடைபாதைகளில் பதித்த சுண்ணக்கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருப்பதால், மழைத்துளி பட்டாலே வழுக்கும். வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம் வேண்டும்.

மறுநாள் காலை, நகரின் மேற்கே ஆற்றோரம் உள்ள பெலேம் பகுதி. டிராமுக்குக் காத்திருப்பதைவிட, கைஸ் தோ சோத்ரே நிலையத்திலிருந்து பெலேமில் நிற்கும் ரயிலில் செல்வது விரைவு. 1501 வாக்கில் மன்னர் முதலாம் மனுவேல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடாலயத்தில், தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயிஷின் கல்லறையும் அங்கேதான் உள்ளன. கல்லிலே கயிறும் கடற்பொருள்களும் செதுக்கப்பட்ட உள்முற்றத்துக்குச் சீட்டு தேவை. அதை இணையத்தில் முன்கூட்டியே வாங்கி, திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுங்கள். ரோமன் எழுத்துகளில் தமிழை அச்சிட்ட கிறித்தவ வினாவிடை நூல் ஒன்று 1554இல் இந்த லிஸ்பனில்தான் வெளிவந்தது என்பதையும் தமிழர்கள் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

மடாலயத்துக்கு அருகில், 1837 முதல் இயங்கிவரும் பாஸ்டெய்ஸ் தெ பெலேம் கடையில் முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய பேஸ்ட்ரி கிடைக்கும். வெளியே தெரியும் நீண்ட வரிசை பெரும்பாலும் பொட்டலம் வாங்குவோருக்கானது. உள்ளே நீல ஓடுகள் பதித்த அறைகளில் நூற்றுக்கணக்கானோர் அமர இடம் உண்டு. மேலே பட்டைத்தூளைத் தூவி, சூடு ஆறும் முன் உண்ண வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் சில நடைமுறைகளை அறிந்திருப்பது அவசியம். உட்கார்ந்தவுடன் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவை இலவசம் அல்ல. வேண்டாமென்றால் உடனே திருப்பி அனுப்பிவிடலாம், அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. மதிய உணவுக்கு, தாஷ்கா எனப்படும் எளிய குடும்ப உணவகங்களில் அன்றைய சிறப்பு உணவைக் கேளுங்கள்; குறைந்த விலையில் நல்ல சாப்பாடு அதுவே. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, இழைஇழையாகப் பிய்த்து, மெல்லிய உருளைக்கிழங்குச் சீவல், முட்டை ஆகியவற்றோடு கிளறும் 'பக்கல்யாவு ஆ பிராஸ்' நம் நாவுக்கு எளிதில் ஒத்துப்போகும். கடல் உணவு சேர்த்துக் குழைய வேகவைத்த சோற்றைப் பல கடைகளில் இருவருக்குச் சேர்த்தே ஒரே பாத்திரத்தில் பரிமாறுகிறார்கள்; தம்பதியருக்கு இதைவிடப் பொருத்தமான இரவு உணவு இல்லை. கோடையில் கரியில் சுட்ட மத்தி மீனைத் தவறவிடாதீர்கள். சைவ உணவினர் கீரைச் சூப்பான கால்தோ வெர்தேயில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் என்பதை அறிந்து, கேட்டுவிட்டே வாங்க வேண்டும். பித்தோக் என்பது மாட்டிறைச்சி உணவு. மார்த்தீம் மொனீஷ் பகுதியில் தெற்காசிய உணவகங்கள் பல உள்ளன. இரவு உணவுக்கு எட்டு மணி அளவில் இருக்கை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் இரவு, போர்த்துகலின் மரபுப் பாடலிசையான ஃபாடோவுக்கு உரியது. யுனெஸ்கோ 2011இல் மரபுப் பட்டியலில் சேர்த்த இந்த இசையை, பன்னிரண்டு தந்திகள் கொண்ட போர்த்துகீசிய கிதாருடன் சிறிய அறைகளில் பாடுகிறார்கள். பாட்டு தொடங்கியதும் விளக்குகள் மங்கும். அப்போது பேச்சும் கைப்பேசியும் கூடாது, பரிமாறுவதும் நின்றுவிடும். பல இடங்களில் ஒருவர் இவ்வளவுக்காவது உண்ண வேண்டும் என்ற குறைந்தபட்சத் தொகை உண்டு என்பதால், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையில் கூரையற்ற கார்மோ இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, பெட்டிகளை விடுதியிலேயே ஒப்படைத்து, கைஸ் தோ சோத்ரேயிலிருந்து படகில் எதிர்க்கரையான காசில்யாஸுக்குச் செல்லுங்கள். பத்து நிமிடப் பயணம்தான். அங்கே ஆற்றோர உணவகத்தில் அமர்ந்தால் லிஸ்பன் முழுவதும் எதிரே விரிந்து கிடக்கும். ஷெங்கன் எல்லைக்கு வெளியே செல்லும் விமானங்களுக்குக் கடவுச்சீட்டுச் சோதனை வரிசை நீளமாக இருக்கும். எனவே மாலை விமானமானால் மதிய உணவை இரண்டு மணிக்குள் முடித்து, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்கும்படி கிளம்பிவிடுங்கள்.