பால் கக்கலும் மஞ்சள் மலமும்: முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு நோட்டு

மகள் பிறந்த நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தோம். அன்று இரவு இரண்டு மணிக்கு அவள் கக்கிய பாலில் என் முந்தானை நனைந்துவிட்டது. “குடல் தட்டியிருக்கும், விடிந்ததும் தட்டு எடுக்கிற நாட்டு வைத்தியரிடம் காட்டலாம்” என்றார் அத்தை. குடல் இடம் பிசகிவிட்டது என்ற நம்பிக்கை அது. “கக்குகிற பிள்ளை தக்கும் கண்ணு, நன்றாகப் பிழைத்து வளரும், பேசாமல் தூங்கு” என்றார் அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா. விடியும்வரை நான் தூங்கவில்லை. மறுநாள் வந்த கிராம சுகாதாரச் செவிலியர் மூன்று கேள்விகள் கேட்டார். கக்கியது என்ன நிறம்? நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் போனாள்? மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது எடை எவ்வளவு? மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். முதல் குழந்தை பெற்றவர்கள் அதை எப்படி எழுதுவது, எழுதியதை எப்படிப் படிப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதல் படி: நோட்டைத் தயார் செய்யுங்கள்

முதல் பக்கத்தில் தாய் சேய் நல அட்டையைப் பார்த்துப் பிறந்த எடையையும், வீட்டுக்கு வந்த நாளின் எடையையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து நேரம், பால், சிறுநீர், மலம், கக்கல் என ஐந்து கட்டங்கள் போதும். பேனாவை நூலில் கட்டித் தொட்டில் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். துணி மாற்றுவது யாரோ அவரே எழுத வேண்டும். தாய் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: கக்கலா, வாந்தியா?

ஒரு தேக்கரண்டி பாலை ஈரிழைத் துண்டில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து மில்லிதான், ஆனால் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நிற்கும். குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நாம் அலறுவது பெரும்பாலும் இந்த ஒரு கரண்டிக்காகத்தான்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வளையத் தசை பச்சிளம் குழந்தைக்கு இன்னும் இறுகியிருக்காது. உணவும் பாலாகவே இருக்கிறது, படுக்கையும் மல்லாந்தே இருக்கிறது. அதனால் கடைவாயில் பால் வழியும். உடனே வந்தால் பாலாகவும், சற்று நேரம் கழித்து வந்தால் புளித்த வாடையோடு தயிர்த் திப்பிகளாகவும் இருக்கும். நான்கு மாத வாக்கில் இது அதிகமாகி, ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். கக்கிய பிறகும் குழந்தை முகம் தெளிந்து விளையாடினால், நோட்டில் ‘கக்கல், வெள்ளை’ என்று எழுதிவிட்டு வாயைத் துடைத்துவிடுங்கள்.

வாந்தி வேறு. வயிறு இறுகி, முக்கி, வேகத்தோடு வெளியே வரும். மூன்று முதல் ஆறு வார வயதில், பால் குடித்த ஒவ்வொரு முறையும் ஓரடி தள்ளிப் போய் விழுமளவு பீய்ச்சியடித்து, உடனே மறுபடி பசித்து அழுதால், இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு இது அதிகம். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். ஆனால் நாள் கடத்தினால் குழந்தையின் உடலில் நீர் வற்றிப்போகும்.

மூன்றாம் படி: பால் கொடுத்த பிறகு இருபது நிமிடம்

நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறு, குடித்த கையோடு வேட்டித் தொட்டிலில் போடுவது. துணித் தொட்டிலில் குழந்தை வில்லாக வளைந்து படுக்கும். நிறைந்த வயிறு மடிந்து அழுந்தும். தோளில் சாய்த்து, முதுகை மெல்லத் தடவி, இருபது நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். ஏப்பம் வராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு சமமான, உறுதியான விரிப்பில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். கக்கினால் புரையேறுமே என்று குப்புறப் போட வேண்டாம். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. கக்கியதைக் குழந்தை தானாகவே விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும்.

நான்காம் படி: மலத்தின் நிறத்தைப் படியுங்கள்

முதல் இரண்டு நாள் தார்போலக் கறுத்துப் பிசுபிசுக்கும். காட்டுப்பீ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பிறந்து 24 மணி நேரத்துக்குள் இது வந்துவிட வேண்டும். 48 மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மூன்று, நான்காம் நாள் பச்சை கலந்த பழுப்பு. ஐந்தாம் நாள் வாக்கில் ஈரோட்டு மஞ்சளைக் கரைத்தது போன்ற நிறம், நடுவே சிறு விதைகள் போன்ற திப்பி. தாய்ப்பால் வயிற்றுக்குள் நன்றாகப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த மஞ்சளை முதன்முதலாகப் பார்த்த நாளில் நான் அழுதேவிட்டேன்.

எண்ணிக்கைதான் எல்லோரையும் கலக்குகிறது. ஒரு பக்கம் பால் இறங்க, மறுபக்கம் மலம் போகும். வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசைவது இயல்பு. ஒரு நாளில் பத்து முறைகூடப் போகலாம். தண்ணீர்ப் பதமாக இருந்தாலும் அது பேதி அல்ல. நோட்டில் இருக்கும் வழக்கத்தைவிடத் திடீரென எண்ணிக்கை கூடி, வெறும் தண்ணீராகி, சளியோ நாற்றமோ சேர்ந்தால்தான் பேதி.

ஆறு வாரத்துக்குப் பிறகு கதை தலைகீழாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஐந்து, ஆறு நாள்கூடப் போகாமல் இருக்கலாம். போகும்போது மலம் இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கல் இல்லை. முகம் சிவக்க முக்குவதும் அப்படித்தான். வயிற்றை இறுக்கும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பதைக் குழந்தை இன்னும் பழகவில்லை. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் அங்கே வைக்காதீர்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் சற்றுக் கெட்டியாக இருக்கும். அது கல்லாக இறுகினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சிறுநீரும் எடையும்

ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். முதல் சில நாட்களில் துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை தெரிந்தால் அது பெரும்பாலும் சிறுநீரின் உப்பு. ஒரு வாரம் ஆகியும் தொடர்ந்தால் பால் போதவில்லை என்று பொருள். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துளி இரத்தம் படுவதும் உண்டு. தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது அது.

எடை முதல் வாரத்தில் குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு கக்கினாலும் எடை ஏறுகிறது என்றால் அம்மிச்சி சொன்னதுதான் சரி.

ஆறாம் படி: வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்

பிறந்ததும் நாக்கில் வைக்கும் சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், வசம்பு உரைத்த மருந்து எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம். சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது.

உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொண்டைக்குள் விரலை விட்டுத் தொக்கம் எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாக உதறிக் குடல் தட்டு எடுப்பதும் ஆபத்து. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியலாம். இன்னொன்றும் இருக்கிறது. சில குழந்தைகளுக்குக் குடல் உண்மையிலேயே முறுக்கிக்கொள்ளும். அப்போது வாந்தி பச்சையாக வரும். அந்தக் குழந்தைக்குத் தேவை சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை. வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணியும் குடலில் ஒரு பகுதியைச் சாகடிக்கும். அத்தையிடம் இதைத்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அன்றிலிருந்து துணி மாற்றும்போதெல்லாம் நிறத்தைப் பார்த்து என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஏழாம் படி: உடனே கிளம்ப வேண்டியவை

வாந்தி பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தால், மலத்தில் இரத்தம் இருந்தால், வயிறு உப்பிக் கல்லாக இருந்தால், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், இரவென்றும் பாராமல் 108-ஐ அழையுங்கள். தாயின் மார்புக்காம்பு வெடித்திருந்தால் குழந்தை அந்த இரத்தத்தை விழுங்கிக் கக்கியிருக்கவும் கூடும்; ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

மலம் சுண்ணாம்பாக, வெளிறிய மாவு நிறத்தில் இருந்தால், அதுவும் இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால், மறுநாளே காட்டுங்கள். பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை அறுபது நாளுக்குள் நடந்தால்தான் கல்லீரல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வலியில்லை, அழுகையில்லை, குழந்தை நன்றாக இருப்பதாகவே தெரியும். அதனால்தான் இது பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கிளம்பும்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கறைபட்ட துணியைத் துவைக்க வேண்டாம். ஒரு பையில் மடித்துப் போட்டு அப்படியே கொண்டு போங்கள். போட்டோ மட்டும் போதாது; இரவில் மஞ்சள் விளக்கில் எடுத்த போட்டோவில் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகத்தான் தெரியும்.