போர்டு கம்ப்யூட்டரோட பேச மாட்டேங்குதா, முதல்ல கேபிள பாருங்க

ஆர்டுயினோவோ ஈஎஸ்பி32வோ, நாம ப்ரோக்ராம் எழுதி ஏத்துற ஒரு சின்ன போர்ட கம்ப்யூட்டர்ல சொருகி அப்லோட் அமுக்குனா எரர் வருது, உடனே ப்ரோக்ராம் எழுதி ஏத்துற சாஃப்ட்வேரான ஐடிஈய அன்இன்ஸ்டால் பண்றது, ப்ரோக்ராம மறுபடி எழுதுறது, போர்டு அவுட்டுன்னு இன்னொன்னு ஆர்டர் போடுறதுன்னு எல்லாரும் ஒரு ரவுண்டு போய்ட்டுதான் வராங்க. நானும் போயிருக்கேன், ரெண்டு நாள் ஒரு ஆர்டுயினோ நானோவ திட்டிக்கிட்டே இருந்துட்டு கடைசில பாத்தா அது பவர் பேங்க்கோட வந்த கேபிள், உள்ள டேட்டா ஒயரே கிடையாது. அதனால ப்ரோக்ராம் பக்கம் இப்ப போகவே வேணாம், கேபிள்ல இருந்து ஒவ்வொரு கண்ணியா தாண்டி வாங்க, எங்க அறுந்திருக்குன்னு தானா தெரிஞ்சிரும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், தமிழ்ல எழுதுனா போர்டும் போர்ட்டும் ஒண்ணு போலவே இருக்கு, அதனால கம்ப்யூட்டர் பக்கம் வர்ற சீரியல் போர்ட்ட "காம்"னே சொல்றேன், லினக்ஸ்காரங்களும் அப்படியே எடுத்துக்கோங்க.

சொருகுனா கம்ப்யூட்டர் கண்டுக்குதா?

விண்டோஸ்னா டிவைஸ் மேனேஜர திறந்து வெச்சுக்கிட்டு போர்ட சொருகி உருவி பாருங்க, லிஸ்ட் ஒரு தடவ சிமிட்டணும். லினக்ஸ்னா எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட சொருகுறதுக்கு முன்னாடி ஒருக்கா பின்னாடி ஒருக்கா அடிங்க, ஒரு லைன் கூடணும். போர்டுல லைட்டு எரியுது ஆனா இங்க ஒரு அசைவும் இல்லன்னா அனேகமா கேபிள்தான். சாதா யூஎஸ்பி 2 கேபிளுக்குள்ள நாலு ஒயர், சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு, சார்ஜ் ஏத்துறதுக்குன்னே வர்ற கேபிள்ல பச்சை வெள்ளை இருக்காது, லைட்டு எரியுறத நம்பி ஏமாறாதீங்க. அதே கேபிள்ல போன மாட்டி ஒரு போட்டோ காப்பி ஆகுதான்னு பாத்தா போதும். டைப் சி போர்டா இருந்து, சி டு சி கேபிள்ல லைட்டே வராம ஏ டு சி கேபிள்ல மட்டும் வந்துச்சுன்னா, போர்டு செஞ்சவங்க சிசி பின்னுக்கு (கரண்டு வேணும்னு கேக்குற கால்) போட வேண்டிய 5.1கே ரெசிஸ்டர்ல காசு மிச்சம் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம், ஏ டு சி கேபிளையே வெச்சுக்கோங்க.

கண்டுக்குது, ஆனா காம் நம்பர் வரல

இது டிரைவர் விவகாரம், அதாவது போர்டுல இருக்குற யூஎஸ்பி சிப்போட பேச கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாஃப்ட்வேர். யூஎஸ்பி சாக்கெட் பக்கத்துல இருக்குற சின்ன சிப்ப போன் கேமராவுல ஜூம் பண்ணி படிங்க, மலிவு நானோ க்ளோன்ல பெரும்பாலும் சிஹெச்340, ஈஎஸ்பி32 போர்டுல சிபி2102ம் நிறைய பாக்கலாம், சிலதுல எஃப்டி232. எழுத்து அழிஞ்சிருந்தாலும் பரவால்ல, எல்எஸ்யூஎஸ்பில வர்ற ஐடி 1ஏ86ன்னு ஆரம்பிச்சா சிஹெச்340 குடும்பம், 10சி4ன்னா சிபி2102, 0403ன்னா எஃப்டி232 செய்யுற எஃப்டிடிஐ கம்பெனி. அந்த சிப் கம்பெனி சைட்லயே டிரைவர எடுத்துக்கோங்க, தேடுனதும் மேல வர்ற கண்ட டவுன்லோட் சைட்டுக்கு போகாதீங்க. எஃப்டிடிஐ சிப்புன்னு நெனச்சு வாங்குறதுல டூப்ளிகேட்டும் உண்டு, 2014ல அவங்க விட்ட ஒரு டிரைவர் போலி சிப்போட ஐடிய பூஜ்யமாக்கி விட்டுச்சு, நேத்து வரைக்கும் ஓடுனது இன்னிக்கு செத்துப்போச்சேன்னு அப்ப எத்தன பேர் முழிச்சாங்களோ.

உபுன்டு 22.04ல ஒரு வினோதம் உண்டு. சிஹெச்340 போர்ட சொருகுனா காம் வந்து அடுத்த நொடியே காணாம போகும். பிரெய்லி டிஸ்ப்ளேக்கான பிஆர்எல்டிடிஒய்னு ஒரு சாஃப்ட்வேர், இது நம்ம ஆளுதான்னு நெனச்சு இழுத்துக்கும், ஏன்னா சில பிரெய்லி கருவியும் அதே ஐடிலதான் வருது. டிஎம்ஈஎஸ்ஜி கமாண்ட அடிச்சா கடைசில அந்த பேரு தெரியும். பிரெய்லி டிஸ்ப்ளே நீங்க யூஸ் பண்ணலன்னா அந்த பேக்கேஜ தூக்கிடுங்க.

காம் இருக்கு, திறக்க மாட்டேங்குது

லினக்ஸ்ல பர்மிஷன் டினைட்னா உங்க யூசர டயல்அவுட் குரூப்ல சேத்துருங்க (ஆர்ச்னா யூயூசிபி), சேத்துட்டு லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க, இத மறந்துட்டுதான் "சேத்தும் வரலையே"ன்னு பாதி பேர் உக்காந்திருக்காங்க. விண்டோஸ்ல ஆக்சஸ் டினைட்னா வேற ஏதோ ப்ரோக்ராம் அந்த காம்ம புடிச்சு வெச்சிருக்கு, புட்டி மாதிரி ஒரு டெர்மினல் விண்டோ பின்னாடி ஒளிஞ்சிருக்கும், இல்ல த்ரீடி பிரிண்டர் சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்கும்.

அப்லோட் மட்டும் ஃபெயில்

நானோல "நாட் இன் சிங்க்"னு பத்து தடவ வந்துச்சுன்னா ப்ராசசர் மெனுல ஓல்டு பூட்லோடர்னு ஒண்ணு இருக்கும் அத போட்டு பாருங்க, பூட்லோடர்னா அப்லோட் ஆகுற ப்ரோக்ராம வாங்கி வெக்குற குட்டி ப்ரோக்ராம், பழசு 57600 வேகத்துல பேசும் புதுசு 115200ல பேசும், அவ்வளவுதான் சண்டை. ஆர்டுயினோ ஊனோல 0, 1 பின்ல ப்ளூடூத்தோ ஜிபிஎஸ்ஸோ மாட்டிருந்தா அப்லோட் முடியுற வரைக்கும் கழட்டுங்க, யூஎஸ்பி சிப்பும் அதே லைன்லதான் பேசுது, ரெண்டு பேர் ஒண்ணா பேசுனா யார் சொல்றது கேக்கும். ஈஎஸ்பி32 "கனெக்ட்டிங்"னு புள்ளி புள்ளியா போய் நின்னுடுச்சுன்னா, அந்த புள்ளி ஓடும்போது பூட் பட்டன அமுக்கி புடிங்க. ஒவ்வொரு தடவையும் இதே ரோதனையா இருந்தா ஈஎன் (ரீசெட்) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க, மைனஸ் கால் கிரவுண்டுக்கு.

குப்பை எழுத்தா வருது

பாட் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தன பிட் போகுதுங்குற வேகம். 9600ன்னா ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட், 115200ன்னா 9 கூட கிடையாது, ரெண்டு பக்கமும் ஒரே கடிகாரத்துல இல்லன்னா ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் தப்பான இடத்துல வெட்டி படிப்பார். ஈஎஸ்பி8266 ஆன் ஆகும்போது முதல்ல குப்பை வந்து அப்புறம் சரியானா பயப்படாதீங்க, அதோட பூட் மெசேஜ் 74880ல வரும். ஆர்டுயினோ ப்ரோ மினி 3.3 வோல்ட் போர்டு 8 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, ஐடிஈல 16ன்னு செலக்ட் பண்ணிருந்தா நீங்க 9600ன்னு எழுதுனது 4800ல வெளிய வரும், போர்டு அனுப்புறத காட்டுற ஐடிஈ சீரியல் மானிட்டர 4800க்கு மாத்தி எழுத்து தெளிஞ்சா திருட்டு புடிபட்டுச்சு.

ஒண்ணுமே வரல

தனியா யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர் (யூஎஸ்பிய சீரியலா மாத்துற குட்டி போர்டு) வெச்சிருந்தீங்கன்னா எனக்கு ரொம்ப புடிச்ச டெஸ்ட் இது. போர்ட கழட்டிட்டு அடாப்டரோட டிஎக்ஸையும் (அனுப்புற பின்) ஆர்எக்ஸையும் (வாங்குற பின்) ஒரு ஜம்பர் ஒயரால சேத்துடுங்க, டெர்மினல்ல லோக்கல் எக்கோவ (நாம அடிக்குறத அதுவே காட்டுற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு ஏதாவது டைப் அடிங்க, அடிச்சது அப்படியே திரும்பி வரணும், ஜம்பர உருவுனா நிக்கணும். ரெண்டும் நடந்துச்சுன்னா கேபிள், டிரைவர், காம், அடாப்டர் எல்லாம் சுத்தம், மிச்சம் சந்தேகம் ஒயரிங்லயும் போர்டுலயும்தான். இதோட டிஎக்ஸ் அதோட ஆர்எக்ஸுக்கு போகணும், குறுக்கா. கிரவுண்ட் ரெண்டுக்கும் பொதுவா இருக்கணும், இத விட்டுட்டு தேடுறவங்க ஏராளம். 5 வோல்ட் டிஎக்ஸ 3.3 வோல்ட் ஆர்எக்ஸ்ல நேரா குடுக்காதீங்க, நடுவுல 1கே, ஆர்எக்ஸ்ல இருந்து கிரவுண்டுக்கு 2கே போட்டா 3.3 வந்துரும். பழைய கம்ப்யூட்டர் பின்னாடி இருக்குற 9 பின் சாக்கெட்ட போர்டுல தொடவே கூடாது, அதுல மைனஸ் வோல்டேஜும் வரும், நடுவுல மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் வேணும்.

ராஸ்பெரி பை மாதிரி எதுலயாவது எழுத்து வருது ஆனா நாம அடிக்குறது போகலன்னா மினிகாம்னு லினக்ஸ் டெர்மினல் சாஃப்ட்வேர் இருக்கே, அதோட செட்டிங்ல ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல "நோ" ஆக்குங்க. ஹெச்சி-05 ப்ளூடூத் மாட்யூலுக்கு ஏடி கமாண்ட் (அதோட செட்டிங்க மாத்துற கட்டளை) அனுப்புறீங்க, பதிலே இல்லன்னா, பட்டன அமுக்கிக்கிட்டே பவர் குடுத்து ஏடி மோடுக்கு வந்தீங்களான்னு பாருங்க, லைட்டு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா மெதுவா சிமிட்டும், அங்க பாட் 38400. சீரியல் மானிட்டர்ல கீழ லைன் எண்டிங்குன்னு இருக்கே, அத "போத் என்எல் அண்ட் சிஆர்"க்கு மாத்திட்டு திரும்ப ஏடின்னு அடிங்க, ஓகேன்னு வரும்.