அயர்ன் சிரப்: எந்தக் கன்னத்துல வேணும் பாப்பா?

பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயதில் ஹீமோகுளோபின் 8.6. குறைந்தது 11 இருக்க வேண்டும் என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் என்று பெருமையாகச் சொன்னேன். வினையே அதுதான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறும் பாலிலேயே நிறைந்துவிடுவதால் சோறு இறங்காது. பாலை அரை லிட்டருக்குள் கொண்டுவரச் சொல்லி, தினம் ஒரு வேளை 3 மில்லி அயர்ன் சிரப் எழுதிக் கொடுத்தார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை.

முதல் நான்கு நாளும் போர்தான். என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவை மடியில் படுக்கப்போட்டு பாலாடையில் ஊற்றுவார். நான் கையைப் பிடித்துக்கொள்வேன். நாலாம் நாள் புரையேறி முகமெல்லாம் சிவந்து இருமினாள். அன்றோடு பாலாடை பரணுக்குப் போனது. படுத்து அழுகிற குழந்தையின் வாயில் ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மூக்கைப் பிடித்து ஊற்றுவதும் அதே ஆபத்துதான். "உன்னையெல்லாம் இப்படித்தாண்டா வளர்த்தேன்" என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டது இது.

1. சிரிஞ்ச் வாங்குங்கள்

மெடிக்கலில் "5 மில்லி சிரிஞ்ச், ஊசி வேண்டாம்" என்று கேளுங்கள். ஊசியோடுதான் பாக்கெட் வரும் என்றால், மூடியைக் கழற்றாமல் ஊசியை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்பது கணக்குக்குத்தான். எங்கள் வீட்டு ஸ்பூன்களில் ஒன்று 3, இன்னொன்று 7. 2 மில்லி சிரிஞ்ச் மிகச் சின்னது, குழந்தையின் கைக்குப் பிடிமானம் கிடைக்காது. கைப்பிடி ஏன் முக்கியம் என்று நாலாவது படியில் சொல்கிறேன். கழுவக் கழுவ கோடுகள் அழிந்துவிடும், அப்போது மாற்றிவிடுங்கள்.

2. வெறும் தண்ணீரில் பழக்குங்கள்

நான் கவிழ்ந்தது இங்கேதான். புது சிரிஞ்சில் உள்ளே இருக்கும் ரப்பர் முதலில் இறுக்கமாக இருக்கும். மெதுவாக அழுத்தினால் நகராது. கொஞ்சம் பலம் கொடுத்தால் சட்டென்று நழுவி, மூன்று மில்லியும் ஒரே பீச்சாகத் தொண்டையில் போய் அடிக்கும். பாப்பா ஓங்கரித்து என் சட்டை முழுக்கக் கக்கினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் சிரிஞ்சைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில்தான்.

மருந்தின் ருசிதான் காரணம் என்று நினைத்து ஃபிளேவரை மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை. சிரிஞ்சைத் தண்ணீர்த் தம்ளரில் விட்டு இருபது தடவை இழுத்து இழுத்து அழுத்தினேன். ரப்பர் வழவழவென்று ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான் விஷயம். இப்போதும் தினமும் மருந்து எடுப்பதற்கு முன் இரண்டு முறை தண்ணீரில் ஓட்டிவிடுவேன்.

3. நிமிர்த்தி உட்காரவையுங்கள்

மடியில், முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். தலை பின்னால் சாயக் கூடாது. சிரிஞ்ச் நுனி நாக்கின் மேல் இல்லாமல், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே போக வேண்டும். அரை மில்லி விட்டு, முழுங்கும்வரை பொறுங்கள். அப்புறம் அடுத்த அரை மில்லி. சிரப் பல்லில் கறை பிடிக்கும். கன்னத்தின் உட்புறம் விட்டால் முன்பல் ஓரளவு தப்பிக்கும்.

4. கேள்வியை மாற்றுங்கள்

"மருந்து குடிக்கிறியா?" என்று கேட்டால் இந்த வயதில் ஒரே பதில்தான்: "வேணாம்." "எந்தக் கன்னத்துல வேணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒரு வாரத்தில் "நானே" என்று ஆரம்பித்தது. இப்போது சிரிஞ்சைப் பிடிப்பது நான், அழுத்துவது அவள். அம்மா பிரஷர் மாத்திரை போடும்போதும் போய் எந்தக் கன்னம் என்று விசாரிக்கிறாள்.

5. பிறகு

இரண்டு ஸ்பூன் சாத்துக்குடிச் சாறு. வாய்க் கசப்பும் போகும், வைட்டமின் சி இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும். பால் மட்டும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கண்ணில் படக் கூடாது. பல் தேய்த்துவிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

பால் டம்ளரில் கலந்து கொடுத்தால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பால் இரும்பைச் சேர விடாது. தவிர பாதி டம்ளரை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

கக்கிவிட்டால் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். எங்கள் 3 மில்லியை உங்கள் குழந்தைக்கு எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சிரப்பின் அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிராப்ஸ் இன்னும் அடர்த்தியானது.

ஒருவர் தைராய்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதாக எழுதியிருந்தார். அயர்னும் அதுவும் சேரக் கூடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, மூன்று மாதம் கழித்து

ஹீமோகுளோபின் 11.3. உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மாதம் தொடரச் சொன்னார் டாக்டர். நல்ல செய்திதான். ஆனால் போன ஞாயிறு நாற்காலியை இழுத்துப்போட்டு அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து, மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மருந்தை மிட்டாய் என்று சொல்லாதீர்கள் என்பார்கள்; நாங்கள் சொல்லவும் இல்லை, விளையாட்டாக்கியதே போதுமாக இருந்திருக்கிறது. அயர்ன் அளவு மீறினால் சின்னக் குழந்தைகளுக்கு உயிராபத்து. ஒரு மிடறு குடித்துவிட்டது போலத் தெரிந்தாலும் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்கள் பாட்டில் இப்போது பீரோ லாக்கரில், மனைவியின் வளையல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.