உடுக்கை பழக வருகிறவர்களுக்கு

கடந்த மாசிச் சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம், எனக்கு உடுக்கை கற்றுத்தந்த பெரியவரின் குலதெய்வக் கோயிலுக்கு மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். கையில் புது உடுக்கை. சாமியாட்டம் கற்க வந்ததாகச் சொன்னார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அசட்டுத்தனங்களை வரிசைகூட மாறாமல் செய்தார்கள். செருப்போடு கோயில் எல்லைக்குள் நடப்பது, ஆடுகிறவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுவது போன்றவற்றை ஊரே அதட்டித் திருத்திவிடும். அதட்ட ஆளில்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சாமியாடியை ஷாமன் என்பது

அந்தச் சொல் சைபீரியாவின் எவெங்கி மக்களுடையது. ரஷ்ய மொழி வழியாக ஐரோப்பா போய், கண்ட இடமெல்லாம் ஒட்டும் பெயராகிவிட்டது. அங்கே முரசொலியின் துணையோடு ஷாமனின் உயிர் வேறு உலகங்களுக்குப் பயணம் போகிறது என்பார்கள். இங்கே யாரும் எங்கும் போவதில்லை. சாமிதான் ஆள்மேல் இறங்குகிறது. உடுக்கை அடிக்கும் கோடாங்கி, பூசாரி, சாமியாடி என்று ஆளுக்கொரு பெயரும் வேலையும் இருக்கின்றன. பெயரைக் குழப்பினால், எதை யாரிடம் கேட்பது என்பதும் குழம்பும்.

வீட்டில் அழைப்பு அடிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. பாதி எரிச்சல் என்மேல்தான்.

அப்போது மதுரை செல்லூரில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். பெரியவரிடம் பழகத் தொடங்கி எட்டு மாதம். இடது கையால் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை நெருக்கினால் தோல் விறைத்துச் சுதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த நெளிவு பிடிபட்ட மகிழ்ச்சியில், ஒரு வியாழக்கிழமை மாலை சாமியை வர்ணித்து அழைக்கும் பாட்டான கருப்பசாமி வர்ணிப்பை முழுதாகப் பாடி, கடைசியில் சாமியை இறக்கும் வேக அடியையும் அடித்தேன்.

கீழே பாத்திரம் விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரரின் தாயார் குழாயடியில் தலைவிரி கோலமாக நிற்கிறார். அந்த அம்மாவின் பிறந்த வீட்டுச் சாமி கருப்பு என்பதோ, மணமாகும் முன் அவருக்கு அருள் வரும் என்பதோ எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அடியை நிறுத்தினால் சாமி போய்விடும் என்று நினைத்து, சட்டென்று நிறுத்தினேன். அதுதான் இன்னும் பெரிய தவறு. சாமி பாதியில் நின்றுவிட்டது. மகன் பயந்து கைகளை இறுக்கிப் பிடித்தார். அந்த அம்மா திமிறியதில் இரும்புக் கேட்டில் மோதி மணிக்கட்டு முறிந்தது.

அடுத்த தெருவில் பூக்கட்டும் பாட்டி ஒருவர் வந்துதான் நிலைமையைச் சீராக்கினார். முதலில் “யாரய்யா வந்திருப்பது?” என்று கேட்டார். பெயர் சொல்லும்வரை பொறுத்தார். தெரியாமல் அழைத்துவிட்டான், பிள்ளையை மன்னித்துக்கொள் என்று எனக்காக வேண்டினார். சூடம் காட்டித் திருநீறு பூசிச் சாமியை மலையேற்றி அனுப்பினார். அதுவரை நான் படிக்கட்டில் உடுக்கையோடு நின்றிருந்தேன்.

வந்தது சாமியா, மனமா என்று இங்கே வாதாடப் போவதில்லை. எலும்பு முறிந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. மருத்துவச் செலவு என்னுடையது. அந்த மாதமே வீட்டைக் காலி செய்தேன். பெரியவர் விவரத்தை முழுவதும் கேட்டுவிட்டு, “இறக்கிவிட ஆள் இல்லாத இடத்தில் ஏன் ஏற்றினாய், தம்பி?” என்றார். என் உடுக்கையை வாங்கி அவர் வீட்டு உத்தரத்தில் கட்டிவிட்டார். அடுத்த மாசி வரை தொடையில் தட்டித்தான் பழகினேன்.

இப்போது மதுரையில் குளிரூட்டிய கூடத்தில் இருபது பேரை வட்டமாக உட்காரவைத்து, விளக்கணைத்து, தியானம் என்ற பெயரில் இதே வேக அடியை அடிக்கிறார்கள். வந்தவர்களின் பிறந்த வீட்டுச் சாமி எது என்று ஒருவரையாவது கேட்டிருப்பார்களா? ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லி என்னிடமும் கேட்டார்கள். அனுப்பவில்லை. வர்ணிப்பை வேக அடி இல்லாமல் பழகுங்கள். வேக அடியை வர்ணிப்பு இல்லாமல் பழகுங்கள். இரண்டும் சேர்வது கோயிலில், பூசாரி பக்கத்தில் இருக்கும்போது.

சாமி சொல்லும் வாக்கை ஒலிப்பதிவு செய்வது

குறி கேட்க வருகிறவள் தன் வீட்டுச் சங்கடத்தைச் சொல்கிறாள்; அது உங்களுக்குப் பாடம் அல்ல. மெக்சிகோவின் மலையூரான வவுத்லாவில் மரியா சபினா என்ற வைத்தியக்காரப் பெண் நடத்திய காளான் சடங்கில் 1955-இல் ஓர் அமெரிக்கர் கலந்துகொண்டார். 1957-இல் அதை லைஃப் இதழில் எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் கூட்டம் ஊரைத் தேடிப் போனது. ஊரார் மரியாவை ஒதுக்கினார்கள், வீடு எரிக்கப்பட்டது. எழுதியவரின் நோக்கம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

“நேற்று என்ன சொன்னீர்கள்?” என்று சாமியாடியைக் கேட்பது

அவருக்கு நினைவிருக்காது. பக்கத்தில் நின்றவரைக் கேளுங்கள்.

அழகர்கோயிலில் “கருப்பசாமி சிலை எங்கே?” என்பது

பதினெட்டாம்படியில் சந்தனம் சாத்திய கதவுதான் சாமி.

தட்சிணையில் பேரம்

வேண்டாம்.

தனியாக அடிக்க அவசரப்படுவது

பெரியவர் சொல்லும்போது அடிக்கலாம். எனக்கு நான்காவது சிவராத்திரியில் சொன்னார். அன்றும் பூசாரியை என் இடப்பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னார்.