வரைந்துகொண்டே பாடம் சொல்லும் காணொளியைத் தயாரிக்கும் முறை

ஒளிக்கதிர்கள் செல்லும் வழியைக் காட்டும் கதிர்ப்படத்தை முழுமையாக வரைந்து திரையில் வைத்துவிட்டுப் பேசுவதைவிட, ஒவ்வொரு கோடும் ஆசிரியரின் சொல்லோடு சேர்ந்து தோன்றும்படி பதிவுசெய்வதே மாணவருக்குப் பயன்படும். கான் அகாதமி என்னும் இணையவழிக் கல்வித்தளத்தை நிறுவிய சல்மான் கான் 2004-இல் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணிதம் கற்பித்தபோது பயன்படுத்தியதும் இணையவழி வரைபலகை ஒன்றைத்தான்.

கூகுளின் இணையவழி வரைபலகையான ஜாம்போர்டு 2024 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால், கணக்குத் தொடங்காமலேயே உலாவியில் இலவசமாகத் திறக்கும் எக்ஸ்காலிடிரா என்னும் வரைபலகையை நான் பரிந்துரைப்பேன். பத்தாம் வகுப்பு ஒளியியலில் குவிலென்ஸின் கதிர்ப்படத்தை எடுத்துக்கொள்வோம். முதன்மை அச்சு, லென்ஸ், இருபுறமும் எஃப் (குவியம்), 2எஃப் (குவியத்தைப்போல் இரு மடங்கு தொலைவு) புள்ளிகள் ஆகியவற்றைப் பதிவுக்கு முன்பே மெல்லிய சாம்பல் நிறத்தில் வரைந்து, அவற்றைத் தேர்வுசெய்து பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் பேச்சின் நடுவே கை பட்டு லென்ஸ் நகர்ந்துவிடும். 2எஃப்-இல் பொருளை நிறுத்துவதிலிருந்துதான் பதிவு தொடங்க வேண்டும். "அச்சுக்கு இணையாக வரும் கதிர் லென்ஸைக் கடந்து எஃப் வழியே செல்கிறது" என்று சொல்லும் வேகத்திலேயே சிவப்புக் கோடு நகரட்டும். ஒளிமையத்தின் வழியே விலகாமல் செல்லும் கதிரை நீலத்தில் வரைவதற்கு முன் சற்று நிறுத்தி, பிம்பம் எங்கே விழும் என்று கேளுங்கள். இரு கதிர்களும் மறுபுறத்து 2எஃப்-இல் சந்திக்க, அதே அளவுள்ள தலைகீழ்ப் பிம்பம் கிடைக்கும். சுட்டிக்காட்ட மட்டும் வேண்டிய இடங்களில் 'கே' விசையை அழுத்தினால், தானே மறையும் லேசர் கோடு வரும். சுட்டெலியால் நேர்க்கோடு வராது. கோட்டுக் கருவியைப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம்.

பதிவுக்கு இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். முழுத் திரையைப் பதியாமல் உலாவிச் சாளரத்தை மட்டும் தேர்வுசெய்தால், இடையில் வந்து விழும் வாட்ஸ்அப் அறிவிப்புகள் பாடத்தில் இடம்பெறா. பேசும்போது ஒலிமானி மஞ்சள் பகுதியில் ஆட வேண்டும். சிவப்பைத் தொட்டால் குரல் கரகரக்கக்கூடும். மின்விசிறி இரைச்சலைக் குறைக்க அதிலேயே வடிகட்டி உண்டு. பதிவுக் கோப்பின் வடிவத்தை எம்.கே.வி. என வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தப்பிவிடும், பிறகு அதனை எம்.பி.4-ஆக மாற்றும் வசதி கோப்புப் பட்டியலிலேயே இருக்கிறது.

நீளத்தில் கண்டிப்பாக இருங்கள். எட்எக்ஸ் என்னும் தளத்தின் இணையவழி வகுப்புகளில் காணொளிகளின் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, காணொளி எவ்வளவு நீண்டாலும் மாணவர் அதில் செலவிடும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. ஆகவே லென்ஸின் முன் பொருளை நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் காணொளியாகப் பிரித்துவிடலாம்.

யூடியூபில் பட்டியலிடப்படாத காணொளியாக ஏற்றினால், இணைப்பைப் பெற்றவர்கள் மட்டும் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கானது என்று குறித்தால் கருத்துப் பகுதி மூடப்படும் என்பதால், ஐயங்களைக் கேட்க வேறு வழியைச் சொல்லிவிடுங்கள். வரைந்த படத்தைப் பி.என்.ஜி. கோப்பாகவும் அனுப்புவது நல்லது. அன்றைய டேட்டா தீர்ந்த வீட்டுப் பிள்ளையும் அதைப் பார்த்து நோட்டில் வரைந்துகொள்ளும்.