தானா ராத்தாவில் துளசி வைக்கப் போகிறவர்களுக்கு

மலேசியா என்றால் வெயில்தானே என்ற நினைப்பில்தான் நானும் கும்பகோணத்திலிருந்து கேமரன் மலைக்குக் குடிவந்தேன். கீழே மலையடிவாரத்துத் தாப்பாவில் வியர்த்து ஊற்றும். அங்கிருந்து பஸ் வளைந்து வளைந்து தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் உயரத்துக்கு ஏறியதும் ஸ்வெட்டர் தேடுவோம். நான் இருக்கும் தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேல். ராத்திரி 15 டிகிரி வரை இறங்கும். குளிர்காலம் என்று தனியாக இல்லை, வருஷம் முழுக்க இதே கதைதான். ஐப்பசி கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொள்ளும்.

செடியையோ மண்ணையோ ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவராதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். இங்கேயே கிடைக்கும். நர்சரியில் 'செலாசே' என்று கேட்டால் திருநீற்றுப்பச்சையைத் தந்துவிடலாம். மலாயில் துளசிக்குப் பெயர் 'ருக்கு'. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

சரி, நான் செடியைப் பறிகொடுத்த கதைக்கு வருகிறேன். அம்மா வீட்டு வழக்கப்படி குளித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சுற்றி வருவேன். கும்பகோணத்து வெயிலில் அது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே மூன்று நாளானாலும் மண் ஈரம் போகாது. ஐப்பசியில் அடி இலைகள் கறுத்து உதிர்ந்தன. குளிர்தான் காரணம் என்று பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடினேன். வாடுகிறதே என்று சாயங்காலமும் தண்ணீர் விட்டேன். துளசிக் கல்யாணம் செய்யும் பிருந்தாவன துவாதசிக்கு நான்கு நாள் முன்னால் தண்டு அடியோடு சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்தார். வேர் கூழாகியிருந்தது. "குளிரு பாதிதான் கொன்னுச்சு, மிச்சம் நீ ஊத்துன தண்ணி கண்ணு" என்றார். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

குளிரில் செடி தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். நனைந்தே கிடக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், காலையில், ஆறிய வெந்நீரை விடுங்கள். பூஜைக்கு ஒரு உத்தரணி போதும், சொம்பில் மிச்சமிருப்பதைச் செம்பருத்திக்கு ஊற்றுங்கள். தாயாருக்குக் குறை வைக்கிறோமோ என்று மனசு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. அழுகவிடுவதுதான் பெரிய குறை.

அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி, பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்த மண். பகலில் அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடைபாதையில், வெயில் படும் பக்கம் வையுங்கள். பொழுது சாய்ந்ததும் சமையலறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல், ஜன்னல் கண்ணாடியைத் தொடாமல் வையுங்கள். பையால் மூடவே வேண்டாம், உள்ளே வியர்த்து இலையில் பூஞ்சணம் பிடிக்கும். பூக்கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வரும்.

அப்புறம், செடி தழைத்ததும் ஒரு கிளையை ஒடித்து, அடி இலைகளைக் களைந்து தண்ணீரில் போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் வேர் விடும். அதை யாரிடமாவது தாப்பாவுக்குக் கொடுத்தனுப்புங்கள். என்னுடையது அங்கே ஒரு தோழி வீட்டு வாசலில் என் இடுப்பளவு நிற்கிறது.